கப்பல் டைவ் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே கொடைக்கானல்: ஒரு டீகம்ப்ரஷன் கேஸ், முழு விவரம்

மார்ச் மாசம் ஒரு சனிக்கிழமை தூத்துக்குடிக் கடல்ல முங்கிக் கிடக்குற ஒரு பழைய சரக்குக் கப்பல்ல ரெண்டு டைவ் போயிட்டு, அன்னைக்கு ராத்திரியே குடும்பத்தோட கொடைக்கானல் ஏறுன மதுரைக்காரர் ஒருத்தருக்கு தண்டுவடத்துல டீகம்ப்ரஷன் சிக்னஸ் (ஆழத்துல உடம்புக்குள்ள கரைஞ்ச நைட்ரஜன், அழுத்தம் குறையுறப்ப குமிழியாகிப் பண்ற கோளாறு) வந்துச்சு. இப்ப நடக்குறாரு, கடைக்குப் போறாரு, ஆனா இடது தொடையில ஒரு உள்ளங்கை அளவு இடம் இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கு. அவரும் அவர் வீட்டுக்காரம்மாவும் "தாராளமா எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்"னு சொன்னதுனாலதான் எழுதுறேன். ஆள் பேரு, படகு நடத்துனவங்க பேரு, ஆஸ்பத்திரி பேரு எதுவும் இதுல வராது, கப்பல் கிடக்குற இடத்தையும் எழுதல. அவரை அண்ணன்னே எழுதுறேன், கூட டைவ் போனது அவரோட மச்சினன்.

நான் அந்தப் படகுல இல்ல. மதுரையில நீச்சல்குளத்துல டைவிங் சொல்லிக் குடுக்குற ஆளு, ராத்திரி ஒன்னே முக்காலுக்கு ஃபோன் வந்தது எனக்கு. அதுக்கப்புறம் ரெண்டு பேரோட டைவ் கம்ப்யூட்டர்ல (கையில கட்டிக்கிற, ஆழமும் நேரமும் பதியிற கருவி) இருந்ததையும் இறக்கிப் பாத்து, டிஸ்சார்ஜ் சம்மரி படிச்சு, ஃபோன்ல இருந்த நேரத்தையெல்லாம் வரிசைப்படுத்தி, அண்ணிகிட்ட உக்காந்து கேட்டு எழுதுனதுதான் இது.

டைவ்

அண்ணனுக்கு 41 வயசு, ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு. சக்கரை, பிரஷர் கிடையாது, கொஞ்சம் தொப்பை உண்டு. அட்வான்ஸ்டு கோர்ஸ் முடிச்சவரு, 30 மீட்டர் வரைக்கும் போக சர்டிஃபிகேட் இருக்கு. சாயங்காலம் குடும்பத்தோட மலைக்குக் கிளம்பணும்ங்கிறதுனால வெள்ளிக்கிழமை ராத்திரி கடையை அடைச்சு, கணக்கு முடிச்சுட்டுப் படுக்கவே பன்னெண்டாயிருச்சு, மூணு மணிக்கெல்லாம் எந்திரிச்சு தூத்துக்குடிக்கு வண்டிய எடுத்துட்டாங்க. காலையில நாலு இட்லி, ஒரு காபி. படகுல போறப்ப அலை தூக்கித் தூக்கிப் போட்டதுல அந்த இட்லியும் வெளிய வந்துருச்சு, அதுக்கப்புறம் மத்தியானம் வரைக்கும் அவரு குடிச்சது அரை பாட்டில் தண்ணி கூட இல்லன்னு மச்சினன் சொன்னாப்ல. தூக்கமின்மை, வாந்தி, தண்ணி குடிக்காதது, இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கங்க.

கப்பல் நிமிந்தாப்ல உக்காந்திருக்கு. மணல் 28 மீட்டர்ல, மேல்தளம் 22 மீட்டர் பக்கம், சரக்கு அறை மூடி இல்லாம வாய் பிளந்து கிடக்குது. முதல் டைவ் 8:42க்கு இறங்கி மொத்தம் 37 நிமிஷம், ஆழம் 28.1. சரக்கு அறைக்குள்ள ஒரு துருப்பிடிச்ச வின்ச்சு கிடக்குதாம், அதுக்கு அடியில ஒரு பெரிய களவா மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு அசையாம நின்னுச்சாம், சின்னச் சின்ன இறால் அது செவுளுக்குள்ள போய் வந்துட்டு இருந்துச்சாம். அதைப் பாத்துக்கிட்டே அண்ணன் அடியிலயே கிடந்திருக்காரு, கம்ப்யூட்டர்ல நோ-ஸ்டாப் டைம் (நடுவுல கட்டாயமா நிக்காம நேரா மேல வர மிச்சமிருக்குற நேரம்) ரெண்டு நிமிஷத்துக்கு வந்தப்பதான் மேல கிளம்பிருக்காரு. படகுல 89 நிமிஷம் ரெஸ்ட்டு. ரெண்டாவது டைவ் 10:48க்கு, ஆழம் 26.4, மொத்தம் 36 நிமிஷம். அதுல படகுக்காரரு இறங்குறதுக்கு முன்னாடியே "நீவாடு கூடிருக்கு, கயித்த விட்றாதீங்க"ன்னு சொன்னாரு. நீவாடுன்னா கடல் நீரோட்டம். சொன்ன மாதிரியே கப்பலோட பின்பக்கம் போயிட்டு நங்கூரக் கயித்துக்குத் திரும்புறப்ப எதிர்நீவாடு, நாலு நிமிஷம் மூச்சு வாங்க ஃபின் அடிச்சிருக்காங்க, அண்ணனோட டேங்க்ல காத்து எறங்குன வேகத்தைப் பாத்தாலே அது தெரியுது.

மேல ஏறுன வேகம் ரெண்டு டைவ்லயும் நிமிஷத்துக்கு 9 மீட்டரைத் தாண்டல. சேஃப்டி ஸ்டாப், அதாவது மேல வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச ஆழத்துல நிக்கிறது, ரெண்டுலயும் 3 நிமிஷம் இருக்கு, ரெண்டாவதுல மட்டும் கயிறு ஆடுனதுல மூணரை மீட்டருக்கும் ஆறரை மீட்டருக்கும் நடுவுல ஏறி இறங்கிருக்காரு. அலாரம் ஒன்னு கூட அடிக்கல. கடைசி டைவ் முடிஞ்சு தலை வெளிய வந்தது 11:24.

இதைப் படிக்கிற டைவர் யாரா இருந்தாலும் "சரியாத்தானே போயிருக்காங்க"ன்னுதான் சொல்லுவீங்க. நானும் அதைத்தான் சொல்லுவேன். டீகம்ப்ரஷன் சிக்னஸ் வந்த ஆளப் பாத்ததும் "என்ன தப்பு பண்ணாரு"ன்னு கேக்குற பழக்கம் டைவர்கள்கிட்ட இருக்கு, அந்தக் கேள்வியாலதான் நிறையப் பேரு வலியை வெளிய சொல்லாம மறைக்கிறாங்க. கம்ப்யூட்டர் சொன்னபடி எல்லாம் செஞ்ச ஆளுக்கும் இது வரும்.

படகுல ஏறி கம்ப்யூட்டரப் பாத்தப்ப ஸ்க்ரீன்ல ஒரு சின்ன பிளேன் படம் போட்டு 24 மணி நேரம்னு காட்டிருக்கு. மச்சினன் அதைப் பாத்துட்டு "மாமா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஃப்ளைட்டு ஏறக்கூடாதாம்"னு சொல்லிருக்காப்ல. அண்ணன், "நாம எங்க மாப்ள ஃப்ளைட்டு ஏறப்போறோம், கார்லதான போறோம்"னுட்டாரு. படகுல இருந்த ஒருத்தர் கூட மேற்கொண்டு எதுவும் கேக்கல. அவங்களுக்கு அண்ணன் கொடைக்கானல் போறாருன்னே தெரியாது.

ரோடு

கரைக்கு வர ஒன்னே கால், சாப்பாடு (இறால் வறுவல், இது பின்னாடி வரும்), ரெண்டரைக்கு தூத்துக்குடியில கிளம்பி அஞ்சு மணிக்குள்ள மதுரை. மச்சினன் வீட்டுல இறங்கிக்கிட்டாப்ல. அண்ணன் குளிச்சுட்டு, அண்ணியையும் ரெண்டு பிள்ளைகளையும் ஏத்திக்கிட்டு வாடிப்பட்டி, நிலக்கோட்டை வழியா வத்தலக்குண்டு. ஈ-பாஸ் முன்னாடியே எடுத்தாச்சு, காட்டேஜுக்குப் பணமும் கட்டியாச்சு.

வத்தலக்குண்டுல டீ குடிக்க நிறுத்துனப்ப மணி ஏழே கால். அங்கதான் முதல் தடவையா இடது தோள்பட்டைக்குள்ள ஒரு வலின்னு அண்ணிகிட்ட சொல்லிருக்காரு. கையத் தூக்குனாலும் அதே வலி, சும்மா வச்சாலும் அதே வலி, அமுக்கிப் பாத்தா வலிக்கிற இடம்னு ஒன்னு கிடைக்கல. "டேங்க் தூக்குனதுதான், வேற என்ன"ன்னு ஓட்ட ஆரம்பிச்சுட்டாரு. தசை பிடிப்புன்னா அசைச்சா கூடும், அமுக்குனா உயிர் போகும். இந்த வலி அப்படி இல்ல. இந்த வித்தியாசம் தெரிஞ்சிருந்தா அங்கயே வண்டி திரும்பிருக்கும்.

அதுக்கப்புறம் மலை. டம் டம் பாறை தாண்டுறப்ப ரெண்டு தொடையிலயும் எறும்பு ஊறுற மாதிரி. பின்சீட்டுல பிள்ளைங்க வாங்கி வச்சிருந்த சிப்ஸ் பாக்கெட்டு பொம்முனு ஊதிப்போய் பெருமாள்மலை வரும்போது சின்னவன் அதை வச்சு மேளம் தட்டிக்கிட்டு வந்தான்னு அண்ணி சொன்னாங்க. கொடைக்கானல் ரோட்டுல போன எல்லாரும் இதைப் பாத்திருப்போம். பாக்கெட்டுக்குள்ள இருக்குற காத்து கூடல, வெளிய அமுக்கிக்கிட்டு இருந்த காத்து குறைஞ்சிருச்சு, அதனால ஊதுது. அதே வண்டியில முன்சீட்டுல இருந்தவரோட உடம்புக்குள்ளயும் அதே கணக்குதான் நடந்துக்கிட்டு இருந்துச்சு.

ஒன்பது மணிக்கு காட்டேஜ். கார்ல இருந்து இறங்கி நாலு படி ஏறவே கால் பின்னுது. பத்து மணிக்கு வயித்துல அரிப்பு, இடுப்பைச் சுத்தி இறுக்கிக் கட்டுன மாதிரி ஒரு வலி. ஒரு மணிக்கு எந்திரிச்சு பாத்ரூம் போனவருக்கு ஒன்னுக்கு முட்டுது, ஆனா வரல. சட்டையத் தூக்கிப் பாத்தா வயிறு பூரா செவப்பும் நீலமுமா வலை விரிச்ச மாதிரி திட்டுத் திட்டா. அண்ணி உடனே தம்பிக்கு ஃபோன் அடிச்சு, கையோட அதை ஃபோட்டோ எடுத்து அனுப்பிருக்காங்க. அந்தப் படத்தை மச்சினன் எனக்குத் தட்டிவிட்டுட்டு உடனே கூப்பிட்டாப்ல. படத்தைப் பாத்ததும் எனக்கு வேற சந்தேகமே வரல.

அண்ணிகிட்ட நேரா பேசுனேன். கண்ணை மூடி, ரெண்டு காலையும் சேத்து வச்சு நிக்கச் சொல்லுங்கண்ணி, பக்கத்துலயே பிடிச்சுக்க நில்லுங்கன்னேன். சாஞ்சுட்டாரு. தொடையில ஐஸ் தண்ணி டம்ளரை வச்சுப் பாருங்கன்னேன், இடது பக்கம் குளிர்ச்சியே தெரியல. "ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வார்த்தை 'இவரு இன்னைக்குக் கடல்ல 28 மீட்டர் டைவ் போனவரு'ன்னு சொல்லுங்க, அதுக்கப்புறம் மத்ததைச் சொல்லுங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி

பதட்டத்துல அந்த முதல் வார்த்தை முதல்ல வரல. இடுப்பு வலி, உடம்புல தடிப்பு, மத்தியானம் இறால் சாப்பிட்டாருன்னு சொல்லிருக்காங்க. அதைக் கேட்டா எந்த டாக்டரும் அலர்ஜின்னுதான் நினைப்பாரு, அலர்ஜிக்கு ஒரு ஊசி, வலிக்கு ஒரு ஊசி போட்டுட்டாங்க. அந்த டூட்டி டாக்டர் மேல எனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்ல, 2,100 மீட்டர் மலை மேல நடுராத்திரி ஒரு டைவர் வந்து நிப்பாருன்னு யாரு எதிர்பாப்பா. மச்சினன் ஃபோன்ல டாக்டர்கிட்ட டைவ் விவரத்தைச் சொன்னதும் அவரு முழுசாக் காது குடுத்துக் கேட்டாரு, உடனே யூரின் டியூப் போட்டாரு, ட்ரிப்ஸ் ஏத்துனாரு.

தகராறு ஆனது ஆக்சிஜன்லதான். விரல்ல மாட்டுற மெஷின்ல 95 காட்டுது, "சாச்சுரேஷன் நல்லாத்தான இருக்கு, ஆக்சிஜன் எதுக்கு"ன்னு நர்ஸ் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி, இதை நிறைய இடத்துல கேப்பாங்க, அதனால பதிலைத் தெரிஞ்சு வச்சுக்கணும். டைவருக்கு ஆக்சிஜன் குடுக்குறது ரத்தத்துல ஆக்சிஜன் பத்தலைன்னு இல்ல. மூச்சுல நைட்ரஜனே இல்லாம பண்ணிட்டா உடம்புக்குள்ள குமிழியா நிக்கிற நைட்ரஜன் கரைஞ்சு நுரையீரல் வழியா வெளிய போக ஆரம்பிக்கும், குமிழி சுருங்கும். அதனால மெஷின் 99 காட்டுனாலும் குடுக்கணும், மூக்குல விடுற சின்ன டியூப்ல இல்ல, பை வச்ச நான்-ரீப்ரீதர் மாஸ்க்ல நிமிஷத்துக்கு 15 லிட்டர். இதைச் சொல்லி மாஸ்க் மாட்டுனப்ப மணி 2:40. முக்கா மணி நேரத்துல இடுப்புக் கட்டு லேசாத் தளந்துச்சு, கால் மட்டும் அப்படியே.

அடுத்து கீழ இறங்கணும். மலை மேல இருக்குற ஒவ்வொரு நிமிஷமும் குமிழிக்குத்தான் சாதகம். ஆம்புலன்ஸ் வந்துச்சு, அதுல இருந்த சிலிண்டர் 1,500 லிட்டர். 15 லிட்டர் வேகத்துல விட்டா 100 நிமிஷம்தான் வரும், மதுரைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல. டிரைவர்கிட்ட கேட்டு இன்னொரு சிலிண்டரும் ஏத்திக்கிட்டாங்க. இந்தக் கூட்டல் கழித்தலை யாராவது ஒருத்தர் செய்யணும், இல்லன்னா நிலக்கோட்டை தாண்டி நடு ரோட்டுல மாஸ்க் வெறும் பிளாஸ்டிக்கா மூஞ்சியில தொங்கும்.

ஆறரைக்கு மதுரை. நியூராலஜி டாக்டர் பாத்து, தண்டுவடத்துலதான் பிரச்சினைன்னு உறுதி பண்ணி, ஆக்சிஜனைத் தொடரச் சொன்னாரு. இனி வேண்டியது ரீகம்ப்ரஷன், அதாவது ஆளைச் சேம்பருக்குள்ள வச்சு திரும்ப அழுத்தத்துக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் குடுத்து மெதுவா வெளிய கொண்டுவர்றது. உலகம் பூரா வழக்கமா ஆரம்பிக்கிறது அமெரிக்க நேவியோட டேபிள் 6: 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம், அதாவது 2.8 அட்மாஸ்பியர், 20 நிமிஷம் ஆக்சிஜன், 5 நிமிஷம் சாதாக் காத்துன்னு மாத்தி மாத்தி, அப்புறம் 9 மீட்டருக்குக் கொண்டுவந்து தொடர்ந்து, மொத்தம் நாலே முக்கா மணி நேரம்.

ஞாயித்துக்கிழமை காலையில சேம்பர் தேடுன கதைய நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தக் கலக்குது. ஹைபர்பாரிக் சேம்பர்னு போர்டு வச்சிருக்குற இடம் எல்லாம் டைவரை எடுக்காது. ஒரு இடத்துல சக்கரை நோயாளிகளோட ஆறாத புண்ணுக்கு மட்டும், அழுத்தம் 2.4 தாண்டாதுன்னாங்க. இன்னொரு இடத்துல ஆபரேட்டர் லீவு. டைவர்களுக்கு மருத்துவ உதவி சொல்ற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கோட 24 மணி நேர லைன்ல மச்சினன் பேசுனாப்ல, அவங்க நம்ம டாக்டர்கிட்டயே பேசி, என்ன செய்யணும்னு தெளிவாச் சொன்னாங்க. கொச்சிக்குக் கொண்டு போலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. கிட்ட இருக்குற ரோடு தேனி, குமுளி வழி, ஆனா அது திரும்ப மலை, குமுளியே 900 மீட்டர் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியா சுத்திப் போனா மட்டும்தான் தாழ்வு. ஹெலிகாப்டர், ஃப்ளைட்டுன்னு யாரோ சொன்னாங்க, கேபின் அழுத்தத்தைக் கடல்மட்டத்துல வச்சுக் கொண்டு போனாலொழிய அதுவும் ஆகாது. கடைசியில சென்னையில ஒரு இடத்துல எடுத்துக்குறோம்னாங்க, திருச்சி, விழுப்புரம் வழி, மேடே இல்லாத ரோடு. சேம்பர் கதவு சாத்துனப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 6:35. கடைசி டைவ்ல இருந்து 31 மணி நேரம்.

முதல் தடவை முடிஞ்சு வெளிய வந்தப்பவே வலது கால் நல்லா மடக்க நீட்ட வந்துச்சு. அடுத்தடுத்த நாள் திரும்பத் திரும்பச் சேம்பர், மூணாவது நாள் யூரின் டியூப் எடுத்தாச்சு, ஒரு வாரத்துல பிடிக்காம நடந்தாரு.

ஏன் வந்துச்சு

கப்பல் டைவிங்னா எல்லாரும் பயப்படுறது உள்ள போய் வழி தெரியாம மாட்டிக்கிறதைத்தான். பயப்பட வேண்டியதுதான், 2002ல ஃபுளோரிடாவுல டைவிங்குக்குன்னே முக்குன ஸ்பீகல் குரோவ் கப்பல்ல 2007 மார்ச்ல நாலு பேரு உள்ள போய் மூணு பேரு திரும்பல, வழிக்கயிறு கட்டிக்கிட்டுப் போகல. அதனால கோர்ஸ்ல ரீலு, கயிறு, லைட்டு, மூணுல ஒரு பங்கு காத்துலதான் உள்ள போகணும்னு சொல்லிச் சொல்லி மண்டையில ஏத்துறோம். ஆனா கப்பலுக்கு இன்னொரு குணம் இருக்கு, அதை நாங்க சொல்லிக் குடுக்குறவங்க போதுமான அளவு சொல்றதில்லைங்கிறது என் அபிப்பிராயம். பவளப்பாறையில டைவ் போனா ஆழத்துல ஆரம்பிச்சு சரிவைப் பாத்துக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா மேல வந்துருவோம், பாக்க வேண்டியது எல்லா ஆழத்துலயும் இருக்கும். கப்பல் அடியில கிடக்குது. வின்ச்சு, ப்ரொபெல்லர், களவா மீன் எல்லாமே அடியிலதான். அதனால டைவ் நேரம் பூராவும் அதிகபட்ச ஆழத்துலயே போயிடும், படம் போட்டா பெட்டி மாதிரி சதுரமா வரும். டைவிங் பயிற்சி அமைப்பான பேடியோட டேபிள்ல 18 மீட்டருக்கு அதிகபட்சம் 56 நிமிஷம் குடுத்துட்டு 30 மீட்டருக்கு 20 நிமிஷம்தான் குடுக்குறாங்க, அண்ணன் அந்த விளிம்புல ரெண்டு தடவை நின்னிருக்காரு. 28 மீட்டர்ல அழுத்தம் 3.8 மடங்கு, அந்த அளவுக்கு நைட்ரஜன் உள்ள போகும். அதோட நீவாடுல அடிச்ச நாலு நிமிஷம், வேலை செய்யிற தசைக்கு ரத்தம் கூட ஓடும், கூடவே நைட்ரஜனும் கூடப் போகும். வாந்தி எடுத்து உடம்பு வறண்டு கிடந்ததும் சேந்துக்கிச்சு.

ஹால்டேன்ங்கிற விஞ்ஞானி 1908லயே ஆடுகளை வச்சு சோதனை பண்ணி எழுதுனதுதான் அடிப்படை: உடம்புல ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வேகத்துல நைட்ரஜனை ஏத்தி இறக்கும், அழுத்தத்தைத் திடீர்னு ரொம்பக் குறைச்சா குமிழி வரும். அவரு அஞ்சு நிமிஷத்துல இருந்து 75 நிமிஷம் வரைக்கும் அஞ்சு பாகம் வச்சாரு, இப்ப கம்ப்யூட்டர்ல ஓடுற பூல்மன் கணக்குல 16 பாகம், மெதுவானது 635 நிமிஷம். அதாவது உள்ள ஏறுன நைட்ரஜன் பாதியா குறையவே பத்தரை மணி நேரம் எடுக்குற பாகம் உண்டு. இந்தக் கணக்கு எல்லாமே நீங்க மேல வந்து கடல்மட்டத்துலயே இருக்கீங்கன்னு வச்சுப் போட்டது. அந்த சின்ன பிளேன் படத்துக்கு அர்த்தம் இதுதான்.

கொடைக்கானல்ல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல முக்கா பங்கை விடக் கொஞ்சம் கூட, 0.78 பக்கம். பறக்குற ஃப்ளைட்டுக்குள்ள கேபின் அழுத்தத்தை 8,000 அடிக்குச் சமமா வரைக்கும் விடுவாங்க, கொடைக்கானல் 7,000 அடி. உடம்புக்கு ரெண்டும் ஒன்னுதான். இன்னும் சொல்லப்போனா ஃப்ளைட்டு ஒரு மணி நேரத்துல இறங்கிடும், மலையில ராத்திரி பூரா படுத்துக் கிடப்போம்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2002ல நிபுணர்களைக் கூட்டி வச்சு எடுத்த வழிகாட்டுதல்ல ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், ஒன்னுக்கு மேல, இல்ல பல நாள் டைவ்னா 18 மணி நேரம், டீகம்ப்ரஷன் ஸ்டாப் (மேல வர்றப்ப கட்டாயமா நடுவுல நிக்கிறது) வச்ச டைவ்னா அதுக்கும் நல்லா மேலன்னு இருக்கு. அது எந்த உயரத்துக்குன்னா 2,000 அடியில இருந்து 8,000 அடி வரைக்கும். 2,000 அடின்னா 610 மீட்டர். இந்த வரியைத்தான் மதுரைக்காரங்க நாம மனசுல எழுதி வச்சுக்கணும், ஏன்னா நம்ம ஊரு 100 மீட்டர்ல உக்காந்திருக்கு, ஆனா சுத்திப் பாத்தா கொடைக்கானல், சிறுமலை, மேகமலை, போடிமெட்டு, மூணார், குமுளி, வால்பாறை, அங்கிட்டு ஊட்டி, ஏற்காடு, எல்லாமே 610க்கு மேல. ரெண்டு மூணு மணி நேரத்துல கடல்ல இருந்து மதுரை, இன்னொரு மூணு மணி நேரத்துல மலை. கேரளாவுல டைவ் போயிட்டு மூணார் பாத்துட்டு போடி வழியா வர்றவங்க எத்தனை பேரு. கோவளம்னா நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியா தாழ்வாவே வந்துடலாம். மாத்தி இலங்கைப் பக்கம், மட்டக்களப்புக் கடல்ல 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானம் முக்குன 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' மாதிரி கப்பல் பாக்கப் போனவங்க கொழும்புல இருந்து மதுரைக்கு நேரா ஃப்ளைட்டு பிடிப்பாங்க, அவங்களுக்கு ஒரு நாள் சும்மா இருக்கணும்னு தெரியும், யாராச்சும் சொல்லிருப்பாங்க. மலையைத்தான் யாரும் சொல்றதில்ல.

அண்ணன் கடைசி டைவ் முடிச்சு கொடைக்கானல்ல நின்னது ஒன்பதரை மணி நேரத்துல. 18க்கு எங்க ஒன்பதரை எங்க.

இப்ப எனக்கே திருப்தி இல்லாத ஒரு இடத்தையும் சொல்லிடுறேன். தோள் வலி வத்தலக்குண்டுலயே வந்துருச்சு, அது 300 மீட்டர் சொச்சம்தான். அப்ப மலைதான் காரணம்னு முழுசாச் சொல்ல முடியாது, குமிழி அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு, மலை அதைப் பெருசாக்கிடுச்சுன்னுதான் நான் படிக்கிறேன். பின்னாடி எக்கோவுல குமிழி கலந்த சலைன் ஏத்திப் பாத்தப்ப இதயத்துல மேலறைகளுக்கு நடுவுல சின்ன ஓட்டை, பி.எஃப்.ஓ., இருக்குறதும் தெரிஞ்சது. சாதாரணமா நுரையீரல்ல வடிகட்டப்பட்டுடுற குமிழி அது வழியா நேரா தமனிக்குப் போகலாம், தோல்ல வந்த அந்த வலைத் திட்டும் தண்டுவடமும் அதோட ஒத்துப் போகுது. இதைக் கேட்டதும் தெரிஞ்ச டைவர் ஒருத்தர் "அப்ப ஓட்டைதான் காரணம், நமக்கு ஒன்னும் இல்ல"ன்னு நிம்மதி ஆயிட்டாரு. நாலுல ஒருத்தருக்கு அந்த ஓட்டை இருக்கு. உங்களுக்கு இருக்கான்னு பாத்தீங்களா? அண்ணனும் பாத்ததில்ல, 41 வருஷம் ஒரு தொந்தரவும் குடுக்கல.

மச்சினன் அதே ஆழம், அதே நேரம், அதே நீவாடு. அவரு கம்ப்யூட்டர்ல நோ-ஸ்டாப் டைம் இன்னும் ஒரு நிமிஷம் கம்மியாக்கூட போயிருக்கு. மதுரையிலயே படுத்துத் தூங்குனாப்ல, ஒரு சின்ன வலி கூட இல்ல. ஓட்டை இல்லாததுனாலயா, மலை ஏறாததுனாலயான்னு பிரிச்சுச் சொல்ல வழியில்ல. ஆனா அதுல ஒன்னு மட்டும்தான் நம்ம கையில இருக்கு.

அதுக்கப்புறம் மாத்துனது

படகு நடத்துறவங்ககிட்ட உக்காந்து பேசுனோம், அவங்க ரொம்பப் பெருந்தன்மையா எடுத்துக்கிட்டாங்க. இப்ப படகு ஏறுறதுக்கு முன்னாடி எழுதி வாங்குற ஃபாரத்துல "அடுத்த 24 மணி நேரம் எங்க இருப்பீங்க, எந்த ரோட்டுல போறீங்க"ன்னு ஒரு வரி இருக்கு. மலைன்னு எழுதுனா டைவ் கிடையாது, இல்லன்னா ரூமைத் தள்ளிப் போடணும். ஆக்சிஜன் கிட் படகுல மட்டும் இருந்துச்சு, இப்ப கரையிலயும் ஒன்னு. எங்க குளத்து வகுப்புல நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டுன காத்து) கோர்ஸைக் கப்பல் டைவுக்கு முன்னாடியே தள்ளிட்டேன், 32 சதவீத ஆக்சிஜன் போட்டா அதே ஆழத்துல நைட்ரஜன் கம்மியா ஏறும், கூட நேரம் கிடைக்குதுன்னு அடியிலயே கிடக்காம, சாதாக் காத்து கணக்குக்கே மேல வந்துட்டா உடம்புக்கு நல்லது.

அண்ணனுக்கு டாக்டர் சொன்னது, ஓட்டையை அடைக்கிறதா, இல்ல இனி ஆழத்தைக் குறைச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு ஒரே டைவ்னு இருக்குறதான்னு ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம், அதுவரைக்கும் தண்ணிக்குள்ள இறங்கக்கூடாது. விட்டுப்போன கொடைக்கானலைப் பிள்ளைங்க விடல. டாக்டர் சரின்னதுக்கு அப்புறம் கோடை லீவு முடியறதுக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்தாங்க. அதுல இருந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் மச்சினன் தூத்துக்குடிக்குக் கிளம்புனாப்ல. மலை முதல்ல, கடல் பின்னாடின்னா பிரச்சினை இல்ல, கீழ இறங்கி வந்து ஒரு ராத்திரி நல்லாத் தூங்கிட்டுப் போனாப் போதும். அண்ணனும் கூடப் போயி படகுலயே உக்காந்து யாரு எப்ப இறங்குனது, எப்ப ஏறுனதுன்னு நேரம் குறிச்சுக்கிட்டு இருந்தாரு.